சுனாமியில் போன அக்காவை வீட்டில் நினைப்பது எப்படி

டிசம்பர் 26 அன்று அக்கரைப்பேட்டையில் படகு கடலுக்குப் போகாது. ஊரே ஊர்வலமாகக் கரைக்குப் போவோம், கடலில் பால் ஊற்றுவோம், பூப் போடுவோம், மைக்கில் யாராவது பேசுவார்கள். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,065 பேர் என்ற கணக்கு ஒவ்வொரு வருடமும் காதில் விழும். அந்தக் கணக்கில் என் அக்காவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு இருபது வயது. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றால், அலை எவ்வளவு உயரம் வந்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள், பெரியம்மா எதற்கெல்லாம் சிரிப்பாள் என்று கேட்டால் முழிப்பார்கள். அதை மாற்ற நாங்கள் என்னென்ன செய்தோம் என்று எழுதுகிறேன். அப்படி ஒரு பெண்ணை இழந்த வீடுகளுக்கு உதவும்.

முதல் வேலை, அவள் கைபட்ட பொருளைத் தேடுவது. கரையோர வீட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. தண்ணீர் ஏறாத தெருக்களில் இருந்த சொந்தக்காரர்களிடமும் சிநேகிதிகளிடமும் கேளுங்கள். “ஏதாவது இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் “ஒன்றும் இல்லையே” என்றுதான் பதில் வரும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: மொய் நோட்டு, பெயர் வெட்டிய பாத்திரம், அவள் போய்வந்த கல்யாணங்களின் வீடியோ கேசட்.

மொய் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை, திருப்பிச் செய்ய வேண்டுமே. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அக்காதான் மொய் எழுத உட்கார்ந்தாள். அந்த நோட்டு பரணில் அப்படியே இருந்தது. ‘ழ’ போடும்போது வாலை அடுத்த வரி வரை இழுத்துவிடுகிறாள். ஓர் இடத்தில் 51 என்று எழுதி அடித்து 101 ஆக்கியிருக்கிறாள், ஓரத்தில் பொடி எழுத்தில் “சண்டைக்கு வந்துவிட்டார்” என்று ஒரு குறிப்பு. யார் அந்த ஆள் என்று பெயரைப் பார்த்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அக்காவுடைய வாய்த் துடுக்கு எப்படிப்பட்டது என்று என் மகளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நோட்டு கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம், எங்கள் ஊர்க் காற்றுக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிட்டு, பழைய பருத்தித் துணியில் சுற்றி, தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள்.

போட்டோ சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்கக் கூடாது. முகம்தான் முதலில் உரியும். கண்ணாடியோடு சேர்த்தே வெளியே எடுத்து, வெயில் படாத திண்ணையில் காலை வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கறுப்புச் சட்டையோ புடவையோ உடுத்திக்கொண்டு எடுத்தால் உங்கள் நிழல் கண்ணாடியில் தெரிவது குறையும். மற்றதை ஸ்டுடியோக்காரர் சரிசெய்வார். ஆனால் அவர் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பார், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் அக்கா கறுப்பு.

பாத்திரம் கிடைத்தால் அலமாரியில் பூட்டாதீர்கள். அவள் சடங்குக்கு வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று, அவள் பெயர் வெட்டியது, சித்தி வீட்டில் அகப்பட்டது. இப்போது அதில்தான் பால் வாங்குகிறோம்.

நினைவுகளைக் கேட்க நினைவு நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு அம்மாவால் அழத்தான் முடியும். வேறொரு நாள், மீன் அரியும்போதோ பூக் கட்டும்போதோ, “அக்கா எதுக்கெல்லாம் அடி வாங்குவா?” என்று சின்னதாக ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனை ரெக்கார்டில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ரெக்கார்ட் செய்வதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

எந்த நாளில் படைப்பது என்று கேட்பார்கள். சுனாமி வந்த அன்றைக்கு மார்கழிப் பௌர்ணமி. திதி பார்த்தால் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2025இல் ஜனவரி 13, போகியன்று வந்தது. நாங்கள் திதிக்கு வீட்டில் படைக்கிறோம், 26ஆம் தேதி ஊரோடு கரைக்குப் போகிறோம். கல்யாணமாகாத பெண் என்பதால் கன்னிக்குப் படைக்கிற முறைதான்: புதுப் பாவாடை தாவணி, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பண்டம். எங்கள் வீட்டில் அது ரவா லட்டு. படைத்த துணியை வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கே உடுத்தக் கொடுத்துவிடுவோம். இவை போக, அவள் பிறந்த நாளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த நாளுக்கும் சுனாமிக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான்.

கரையில் பால் ஊற்றும்போது பால் கவரைக் கடலில் விடாதீர்கள். பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலையும் வேண்டாம், உதிரிப்பூ போதும். கேமராவோடு வருகிறவர்கள் அம்மாவிடம்தான் மைக்கை நீட்டுவார்கள். வீட்டில் ஒருவர் அதற்கென்றே பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

“பெரியம்மா ஏன் ஓடலை?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று மழுப்பாதீர்கள். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி. தண்ணீர் நம் கரைக்கு வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆளில்லை, ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007இல்தான். சுனாமி என்ற பேரையே நாங்கள் அப்புறம்தான் கேள்விப்பட்டோம். இதை இப்படியே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். யூடியூபில் இருக்கும் அலை வீடியோவைக் காட்டவே காட்டாதீர்கள்.

கடைசியாக, காகிதம். அந்த அவசரத்தில் எழுதிய இறப்புச் சான்றிதழ்களில் பெயரும் வயதும் தப்பாக இருக்க வாய்ப்புண்டு. 1969ஆம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவாளர் அதைத் திருத்தலாம். பள்ளி டி.சி., பழைய ரேஷன் கார்டு நகல் மாதிரி ஆதாரம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு, கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடமும், டவுன் என்றால் நகராட்சியிலும் கேளுங்கள். ஊர் நினைவிடத்தில் பெயர்ப் பலகை இருந்தால் அதையும் போய்ப் படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பஞ்சாயத்தாரிடம் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள், நினைவு நாளுக்கு முன் வெள்ளையடிக்க ஆள் வரும்போது சேர்த்துத் திருத்திவிடுவார்கள்.