உயர்விலை பேஸ் கிட்டார்: ஒலிக்கு ஒரு கணக்கு, விலைக்கு ஒரு கணக்கு

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த ஜாஸ் பேஸ் என்ற பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான மின்கிட்டார்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல், கழுத்து, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) எல்லாம் அந்த ஆண்டுக்கே உரியவை. ஆனால் இடையில் யாரோ பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். வண்ணம் மாறாத அதே ஆண்டுக் கருவியோடு ஒப்பிட்டால் இதன் விலை ஏறக்குறையப் பாதிக்கு இறங்கிவிடும். ஒலி அப்படி இறங்குவதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் பலருக்கு எது எது என்றே தெரியாது. மேடையில் வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. வண்ணம் மாறியதை அறியாமல் முழு விலை கொடுத்து வாங்கிய சேகரிப்பாளருக்கோ பெருநஷ்டம்.

உயர்விலை பேஸ் கிட்டார்களில் பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டவர்கள்தான். ஆண்டு, பெயர், அரிய தன்மை, மாற்றப்படாத பாகங்கள் ஆகியவை விலையைத் தீர்மானிக்கின்றன. கழுத்தின் உறுதி, பிக்கப், எடைச் சமநிலை, தந்தி, வாசிப்பவரின் விரல் ஆகியவை ஒலியைத் தீர்மானிக்கின்றன. இரண்டும் சில சமயம் கைகோத்து நடக்கும். எப்போதும் அப்படி நடக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

ஒப்பிடும்போது

இரண்டு பேஸ்களை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்து, "இது அதைவிட எவ்வளவோ மேல்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதிக சத்தம் வருவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சத்தம் கூடும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். இது காதின் இயல்பு. பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (கருவிக்குள்ளேயே ஒலியைக் கூட்டித் திருத்தும் மின்சுற்று) உள்ள கருவி, அது இல்லாத கருவியைவிட வலுவான மின்சமிக்ஞையைத் தருவது வழக்கம். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் இரண்டின் அளவையும் சமப்படுத்தாமல் செய்கிற ஒப்பீடு ஒப்பீடே அல்ல.

குமிழ்களை நடுவில் வைத்தால் ஒலி இயல்பு நிலையில் இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. எல்லா ப்ரீஆம்பும் அப்படி அமைந்தவை அல்ல. பேஸ் தயாரிப்பாளரான சடௌஸ்கியின் ப்ரீஆம்பில் தாழ்சுரத்தையும் மேல்சுரத்தையும் கூட்ட மட்டுமே முடியும், குறைக்க முடியாது. அதில் குமிழ்களை முழுக்கக் கீழே திருப்பினால்தான் இயல்பு நிலை. நடுவில் வைத்துவிட்டு அதை ஒரு பழைய ஜாஸ் பேஸோடு ஒப்பிட்டால், ஒப்பனை செய்த முகத்தையும் செய்யாத முகத்தையும் அருகருகே நிறுத்துவது போலாகிவிடும். ப்ரீஆம்பை விலக்கி வாசிக்க உதவும் சுவிட்ச் இருந்தால் முதலில் அந்த நிலையில் கேளுங்கள்.

தந்தியின் பங்கைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒன்றில் புதிய எஃகுத் தந்தி, மற்றொன்றில் பல ஆண்டு பழகிய தட்டைச் சுற்றுத் தந்தி (தட்டையான கம்பி சுற்றிய, மென்மையாக ஒலிக்கும் தந்தி) என்றால், நீங்கள் கேட்பது கிட்டார்களின் வேறுபாட்டை அல்ல, தந்திகளின் வேறுபாட்டை. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுத் தந்திகளையே போட்டிருந்தார்; அறுந்தால் தவிர மாற்ற மாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்களிடையே பெயர்பெற்ற செய்தி. அந்தப் பதிவுகளின் ஒலியை விரும்பி, 1962 பிரிசிஷன் பேஸுக்காகப் பெருந்தொகை செலவிட்டு, அதில் பளபளக்கும் புதிய எஃகுத் தந்தி போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது தந்திக்கட்டு ஒன்றுதான்.

கைபேசியில் காணொளி பார்த்து முடிவெடுப்பது இன்னும் மோசம். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி சுமார் 31 முறை. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இந்த அதிர்வுகளை எழுப்ப முடியாது. நாம் கேட்பதெல்லாம் அவற்றின் மேல்சுரங்களை மட்டுமே. அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. உயர்விலை ஐந்து தந்தி பேஸை வாங்கும்போது பி தந்தியின் உறுதிதான் முதல் கேள்வி. அந்த ஒன்றைத்தான் காணொளி சொல்லாது.

அடுத்தது மரம். விலைப்பட்டியலில் அதிக இடம் பிடிப்பது மேல்பலகையின் மரந்தான். அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள், பக்கை, கோவா என்று பெயர்கள் அடுக்கப்படும். சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்தப் பலகை கண்ணுக்கு விருந்து. அதற்காகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஒலிக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்தால்தான் தவறு. திண்ணுடல் (உள்ளே வெற்றிடம் இல்லாத) மின்கிட்டாரில் உடல் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஓயப்போவதில்லை. என் மதிப்பீட்டில் கழுத்தின் விறைப்பு அதைவிடப் பல மடங்கு முக்கியம். அதற்குக் காரணம், பேசப்படாத ஒரு குறை.

பெரும்பாலான பேஸ்களில், குறிப்பாக ஃபெண்டர் வகைக் கழுத்துகளில், ஜி தந்தியின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பகுதியில் ஒரு சுரம் சட்டென்று அணைந்துவிடும். பக்கத்துச் சுரங்கள் நீடித்து ஒலிக்கும். இது மட்டும் 'டப்' என்று முடிந்துவிடும். கழுத்துக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. தந்தியின் அதிர்வு அதோடு பொருந்தும் இடத்தில் தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. விலை எவ்வளவு கொடுத்தாலும் இதற்கு உத்தரவாதம் கிடையாது. மாடுலஸ், ஸ்டேட்டஸ், ஸ்டைன்பெர்கர் போன்ற நிறுவனங்கள் கார்பன் இழையில் கழுத்து செய்யப் போனதற்கு இந்தக் குறையைத் தணிப்பதும் ஒரு காரணம். சோதனை எளிது: ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே அழுத்தத்தில் மீட்டி, சுரம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் வழியாகக் கேட்காதீர்கள். அது குறையை மறைத்துவிடும். கடைசியில் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் கார் விலைக்குக் கிட்டார் வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது!

அளவுகளையும் காகிதத்தில் மட்டும் பார்க்காதீர்கள். வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம். ஐந்து தந்திக் கருவிகள் பலவற்றில் 35. டிங்வால் நிறுவனத்தின் கருவிகளில் ஃப்ரெட்கள் விசிறிபோல் விரிந்து, தாழ்ந்த பி தந்தி 37 அங்குலம் வரை போகும். தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜில் அவற்றுக்கு இடையே 19 மில்லிமீட்டர் இருப்பதற்கும் 16.5 இருப்பதற்கும் வலதுகை உடனே வேறுபாடு உணரும். எடையும் அப்படித்தான். உட்கார்ந்து வாசிக்கும்போது சுகமாக இருக்கும் பேஸ், ஸ்ட்ராப் மாட்டி நின்றதும் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயலாம். எப்படி வாசிப்பீர்களோ அப்படியே, குறைந்தது அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

வாங்கும்போது

முதலில் கழுத்து. உடலின் முனையிலிருந்து கழுத்தின் நீளத்தைக் கண்ணால் நோட்டமிட்டு, முறுக்கு இருக்கிறதா, கடைசி ஃப்ரெட்கள் மேல்நோக்கி எழும்புகின்றனவா என்று பாருங்கள். பிறகு ட்ரஸ் ராட், அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் பொருத்திய உலோகக் கம்பி. அது ஏற்கெனவே முழுக்க முறுக்கப்பட்டிருந்தால், இனி வளைவு வந்தால் சரிசெய்ய இடமில்லை. கழுத்து வேலை பெருஞ்செலவு. இதைச் சோதிக்க விற்பவரின் அனுமதியும் அனுபவமும் வேண்டும். பழைய ரிக்கன்பேக்கர் 4001இல் இரட்டை ராட்கள் இருக்கின்றன. கழுத்தைக் கையால் உரிய நிலைக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். மற்றக் கருவிகளைப் போல நட்டையே திருகிக் கழுத்தை வளைக்கப் பார்த்தால் விரற்பலகை பெயர்ந்துவிடக்கூடும்.

பழங்கருவி என்றால், வரிசை எண்ணைப் பார்த்ததும் நிம்மதியடையாதீர்கள். 1976 வரை ஃபெண்டரின் எண் கழுத்தை உடலோடு பிணைக்கும் உலோகத்தகட்டில் இருந்தது. நான்கு திருகுகளைக் கழற்றினால் அந்தத் தகட்டை வேறு எந்தக் கிட்டாரிலும் மாட்டலாம். எனவே கழுத்தின் அடிமுனையில் உள்ள தேதியையும், குமிழ்களின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களில் பொறித்த எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வருவன ஆண்டும் வாரமும். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டதல்ல என்பதை மட்டுமே இது சொல்லும். ஃபெண்டர் 1966இல் இவற்றை மொத்தமாக வாங்கி அடுத்த சில ஆண்டுகள் பயன்படுத்தியது. 1968ஆம் ஆண்டுக் கருவியில் 1966 என்று இருப்பதால் அது போலியாகிவிடாது. ஈயப்பற்றைக் கவனியுங்கள், தொடப்படாத பற்று மங்கியிருக்கும், புதியது மின்னும்.

'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது' என்ற அடைமொழிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்கு மாறியது 1965 ஜனவரியில். மறுநாள் காலையில் தொழிற்சாலையின் ஆட்களும் இயந்திரங்களும் மாறிவிடவில்லை. 1964 டிசம்பர்க் கழுத்துக்கும் 1965 பிப்ரவரிக் கழுத்துக்கும் விலையில் இருக்கும் இடைவெளி கையில் தெரியாது. வாசிப்பவராக இருந்தால் அந்த இடைவெளியை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள்.

கருவி யாருடையது என்ற கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ், ஃப்ரெட் நீக்கி எபாக்ஸி பூசிய அந்தப் புகழ்பெற்ற கருவியே, 1986இல் நியூயார்க்கில் திருடுபோய், சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. பெயர்பெற்ற கருவிக்கே இந்த நிலை. பழைய ரசீது, முந்தைய உரிமையாளரின் கடிதம், பழைய புகைப்படம் ஏதாவது ஒன்றாவது கேட்டு வாங்குங்கள்.

தனிக் கைவினைஞர்களின் கருவிகளில் வேறுவகைச் சிக்கல். ஒரே பெயரில் பல வரிசைகள் இருக்கும். சடௌஸ்கி என்ற பெயர் நியூயார்க்கில் செய்த கருவியிலும் இருக்கும். ஜப்பானில் செய்த மெட்ரோ வரிசையிலும் இருக்கும். பின்னர் ஜெர்மனியில் வார்விக் நிறுவனம் செய்யத் தொடங்கியவற்றிலும் இருக்கும். எல்லாமே நல்ல கருவிகள்தான், விலைதான் ஒன்றல்ல. அலெம்பிக்கின் சீரீஸ் கருவிகளை ஐந்து முனை கேபிள் வழியாகத் தனி மின்பெட்டியோடு இணைப்பார்கள். அந்தக் கேபிளும் பெட்டியும் உடன் வருகின்றனவா என்று பாருங்கள். ஸ்டைன்பெர்கரின் தலையில்லா பேஸுக்கு இரு முனையிலும் குண்டு உள்ள தந்தி வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது.

விற்கும்போது

விளம்பரங்களில் இருக்கும் விலைகளைப் பார்த்து உங்கள் கருவிக்கு விலை வைக்காதீர்கள். அவை விற்காமல் கிடக்கும் கருவிகளின் விலைகள். உண்மையில் கைமாறிய விலைகளைத் தேடுங்கள். பல விற்பனைத் தளங்களில் அந்த வரலாறு கிடைக்கும்.

நீங்கள் சொல்லிச் செய்வித்த கருவிக்கு நீங்கள் கொடுத்த விலை திரும்பி வராது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பதித்த உங்கள் பெயரெழுத்துகள், உங்கள் கைக்கென்று செதுக்கிய கழுத்து, நீங்கள் தேர்ந்த அபூர்வ நிறம் எல்லாம் உங்களுக்கு மதிப்பு, அடுத்தவருக்குத் தடை. விற்பதற்கு முன் புதிய ப்ரீஆம்ப் போட்டால் விலை ஏறும் என்பதும் வீண் நம்பிக்கை. பழங்கருவியில் அது விலையைக் குறைக்கும். முன்பே மாற்றியிருந்தால், கழற்றிய திருகு முதல் பிக்கப் வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கருவியோடு கொடுங்கள். மங்கிய உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது அழகான கோணங்கள் நான்கு போதும். மீதி எல்லாம் வாங்குபவர் கேட்கப்போகும் படங்கள்: தராசில் எடை, கழுத்தும் உடலும் சேரும் குழி, உள்ளே இருக்கும் மின்கம்பிகள், ஃப்ரெட்களின் தேய்மானம், ஒவ்வொரு வடுவும். மறைத்த குறை திரும்பி வரும், அனுப்பும் செலவோடு. பண்டமாற்றாக இன்னொரு கருவி வாங்கினால், இருபுறமும் ஊதிப் பெருக்கிய விலைகளைப் பற்றிப் பேசாமல், கையில் மாற வேண்டிய வித்தியாசத் தொகையை மட்டும் பேசுங்கள்.

எல்லை தாண்டும்போது

1959 முதல் அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் விரற்பலகைகளில் பல பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனவை. அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு வந்து, 2019 நவம்பரில் முழுமைபெற்ற இசைக்கருவிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. இதைக் கேள்விப்பட்டு, "இனிச் சிக்கல் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தளர்வு பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பொருந்தாது. உரிய அனுமதிச்சீட்டு இல்லாமல் வேறு நாட்டுக்கு விற்று அனுப்பினால் சுங்கத்தில் கருவியே பறிபோகலாம். பணம் கைமாறும் முன் இந்த ஒரு கேள்வியை முடித்துவிடுங்கள்.

பெட்டிக்குள் தலைப்பகுதியைச் சுற்றி வெற்றிடம் இருக்கக் கூடாது. கிப்சன் தண்டர்பேர்ட் போலத் தலை பின்சாய்ந்த கருவிகள் அங்கேதான் முறியும். குளிரான இடத்திலிருந்து வந்த பெட்டியை உடனே திறந்தால் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு நொடியில் விரிசல் விடக்கூடும். அறைவெப்பத்துக்கு வரும்வரை, தேவைப்பட்டால் ஒரு நாள் முழுக்க, மூடியே வைக்க வேண்டும். அதனால் திருப்பி அனுப்பும் உரிமைக்கான 48 மணி நேரமோ மூன்று நாளோ, பெட்டி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணப்படுமா, திறந்த நேரத்திலிருந்தா என்பதை விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.