அடைமழைக்கு முன் ஒரு காலை: வீட்டின் ஒழுகலையும் விரிசலையும் நாமே பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழையில் கூரை ஒழுகிய பிறகு கொத்தனாரைத் தேடினால், சேலத்தில் லேசில் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் ஈரத்தில் எந்தப் பூச்சும் ஒழுங்காக ஒட்டாது. புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். பென்சில், சாக்பீஸ், டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

முதலில் மொட்டை மாடி. சருகைக் கூட்டி, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். அது குழாயை நோக்கி ஓட வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வாட்டம், அதாவது சரிவு, இருப்பது நல்லது. தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த மாடியா? மெல்லத் தட்டிக்கொண்டே நடங்கள். சத்தம் பொள்ளலாகக் கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஹால் ஃபேன் கொக்கியில்தான் சொட்டியது. அதற்கு நேர் மேலே பூசினோம், மறுவருடமும் சொட்டியது. தண்ணீர் நுழைந்தது எட்டடி தள்ளி, அந்த மூலை இடுக்கில். கூரைக்குள் புதைத்த கரண்ட் பைப் வழியாக ஓடி வந்திருக்கிறது! சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் வீட்டுக்குள் வந்து, உட்கூரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேர்கோடாகத் துருக்கறை தெரிந்தாலோ, காரை உப்பியிருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதன்மேல் பெயிண்ட் அடிப்பது காசைக் கரைக்கும் வேலை. அந்த இடத்துக்குக் கீழே கட்டில் போடாதீர்கள்.

சுவர் விரிசல் எல்லாம் ஒன்றல்ல. வலைபோன்ற மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். மேல்மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் கோடு, பெரும்பாலும் நம்மூர் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அதை அடைத்தால் சரி. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக இறங்கும் விரிசல்தான் கவலை, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதாக இருக்கலாம். இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால் இந்தக் காத்திருப்பே வேண்டாம்.

சன்ஷேடை மேலிருந்து பாருங்கள். அதன் முக்கியக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், சுவரை ஒட்டி மேலே விரிசல் விடும். அதன்மேல் பூந்தொட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டில் வீடு என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. தகரக் கூரையில் திருகாணிக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, ஓட்டுக் கூரையில் மரச்சட்டம் கரையான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மலையை வெட்டிக் கட்டிய வீடானால், பின்பக்கத் தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகளை ஒரு கம்பியால் குத்தி மண்ணை எடுத்துவிடுங்கள். அவை அடைத்துக்கொண்டால் மழைநீரின் பாரம் முழுவதும் அந்தச் சுவர்மேல்தான்.