பழைய பாமினி கோப்பை இணையப் பக்கமாக்குவது எப்படி? ('வெள்ளி'யைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?)

கொடைக்கானலில் ஓர் அறிவியல் ஆசிரியர் இருபது வருடங்களுக்கு முன்னால் மாணவர்களுக்காக ஒரு மடல் போட்டுக்கொண்டிருந்தார். 2004 ஜூன் 8 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தது, இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியக் கரும்புள்ளியில் வாயு பாய்வதைக் கண்டுபிடித்தது, உறைபனி ஏன் பள்ளத்தில் அதிகம் விழுகிறது என்று நல்ல நல்ல கட்டுரைகள். எல்லாம் டிடிபி கடையில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்து, குறுந்தகட்டில் கிடந்தன. இதை இணையத்தில் போட்டுக் கொடு என்றார். போட்டேன். எழுத்துரு மாற்றியில் (பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் கருவி) ஒட்டினால் ஐந்து நிமிட வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். மாற்றி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும், உண்மைதான். வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

உங்களிடமும் ஊர்த் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், தாத்தாவின் கட்டுரைகள் என்று ஏதாவது பழைய கோப்பு இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு. யூனிகோடில் தட்டச்சு செய்யத் தெரியும், கோப்பைத் திறந்து சேமிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: என்ன எழுத்துரு என்று பாருங்கள்

கோப்பை வேர்டில் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடந்தால் பெரும்பாலும் பாமினி. அதில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். சின்ன 'கே'யும் அரைப்புள்ளியும் ஒட்டி நின்றால் அது 'ம்'. டாப், டாம், டிஸ்கி, வானவில் என்று மற்றவையும் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் தரங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. நடுவில் அடித்த கோப்புகள் எந்தத் தரத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒரே கோப்பில் இரண்டு தரங்கள் கலந்தும் இருக்கலாம்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

படி 2: ஆங்கிலச் சொற்களை ஒளித்து வையுங்கள்

மடலில் நடுநடுவே ஆங்கிலத்தில் விண்கலப் பெயர்களும் வேதியியல் குறியீடுகளும் இருந்தன. கணினியைப் பொறுத்தவரை பாமினியில் அடித்த 'அம்மா'வும் வெறும் ஆங்கில எழுத்துதான். அதனால் மாற்றி இரண்டையும் பாகுபாடு இல்லாமல் தமிழாக்கிவிடும். வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு பாமினி அல்லாத துண்டுகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாக 9001, 9002 என்று எண் போட்டு, எது எது என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறாமல் நிற்கும். கடைசியில் திரும்ப மாற்றிவிடலாம்.

படி 3: மாற்றுங்கள்

விண்டோஸ் என்றால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போதும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களும் நிறைய. எனக்கு அவற்றில் விருப்பமில்லை. பூம்பாறைப் பக்கம் போனால் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். பாதி மாறின பக்கத்தை வைத்துக்கொண்டு எது மாறியது, எது மாறவில்லை என்று தேடுவது தலைவலி. கணினியிலேயே ஓடும் கருவிதான் நிம்மதி.

மாறியதை வேர்டில் வைக்காமல் நோட்பேட்++ அல்லது விஎஸ் கோடில் வெறும் உரைக் கோப்பாக, யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை) என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அடுத்த படியில் எழுத்தின் பாதியை மட்டும் தேடி மாற்றப் போகிறோம். அதற்கு வேர்டு ஒத்துழைக்காது.

படி 4: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

முதல் மடலை மாற்றி அனுப்பியதும் சார் கூப்பிட்டார். "தம்பி, படிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா 'சூரியன்'னு தேடினா ஒண்ணுமே வரலையே? முழுக்க முழுக்க சூரியனைப் பத்தித்தானே எழுதியிருக்கேன்?"

கோப்பில் இருந்தது 'சூாியன்'. உற்றுப் பாருங்கள். 'சூ'வுக்கு அடுத்து இருப்பது ர இல்லை, துணைக்கால். அச்சில் ரி, ரீ, ர் மூன்றையும் வால் இல்லாத ர-வாகப் போடுவது பழைய வழக்கம். வால் இல்லாத ர-வும் துணைக்காலும் பார்க்க ஒன்றே. டிடிபி கடையில் அடிப்பவர் தாளில் அழகாக விழுந்தால் சரி என்று துணைக்கால் விசையைத் தட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அவர் வேலை தாளோடு முடிந்தது. இன்று அதே எழுத்தைத் தேடுபொறி படிக்கிறது, பார்வையற்றவருக்குத் திரைபடிப்பான் படித்துக் காட்டுகிறது. அவற்றுக்குக் கண் கிடையாது, குறியெண்தான் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்) தெரியும்.

நல்ல செய்தி, துணைக்காலுக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே முடியாது. எனவே கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். தனிக் குறிகளைத் தட்டச்சு செய்வது கடினம் என்பதால் இங்கிருந்தே நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

ாி → ரி
ாீ → ரீ
ா் → ர்

அடுத்தது 'வெள்ளி'. இது கொஞ்சம் நுணுக்கம்.

பழைய எழுத்துருக்களில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். 'வெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு வ. யூனிகோடில் வ முதலில், கொம்பு பிறகு. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போடும். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பாமினியில் 'ௌ' என்பதற்குத் தனிக் குறி கிடையாது. கொம்பு போட்டு, எழுத்தைப் போட்டு, பின்னால் ஒரு ள போட்டுவிடுவார்கள். ஆக, கொம்பு, வ, ள என்று வரிசையாக மூன்று வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? மாற்றிக்குத் தெரியாது. சில மாற்றிகள் எப்போதும் 'ௌ' என்றே முடிவு கட்டிவிடும். அப்போது 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகிறது. 'விண்வெளி' 'விண்வௌி' ஆகிறது. 'ஒளி' 'ஔி' ஆகிறது. அறிவியல் கட்டுரையில் இந்த மூன்று சொல்லும் இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியுமா?

இங்கேயும் அதே விதி உதவும். 'ௌ'வுக்குப் பின்னால் இன்னொரு குறி வந்தால் அது கட்டாயம் தவறு:

ௌ் → ெள்
ௌி → ெளி
ௌீ → ெளீ
ௌா → ெளா
ஔி → ஒளி

'வெளை', 'வெளே' போன்றவை ஏன் பட்டியலில் இல்லை? பாமினி வரிசையில் வ-வுக்கும் ள-வுக்கும் நடுவில் ஐகாரக் குறியோ ஏகாரக் கொம்போ வந்து உட்கார்ந்துவிடும். அதனால் மாற்றி ஏமாறாது. ளு, ளூ தனி வடிவங்கள் என்பதால் அவையும் தப்பிவிடும். கெளுத்தி மீனுக்கு ஆபத்தில்லை.

இன்னொரு வகை மாற்றிகள் இதற்கு நேரெதிர். 'ௌ'வைச் சேர்க்கவே சேர்க்காது. 'பெளர்ணமி', 'மெளனம்', 'கெளரவம்' என்று விட்டுவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி: 'ள' போலத் தெரிவதற்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பின்னழிப்பு விசையைத் தட்டுங்கள். 'ப' மட்டும் மிஞ்சினால் சரியான எழுத்து. 'பெ' மிஞ்சினால் தனி ள ஒட்டியிருந்திருக்கிறது. (அரிதாக, ஔகாரத்தின் இரண்டு பாதிகளும் தனித்தனிக் குறியெண்ணாக இருந்தாலும் 'பெ' மிஞ்சும். அதையும், 'ொ' இரண்டு துண்டாகக் கிடப்பதையும், பைத்தானின் யூனிகோட்டேட்டா கூறில், துண்டுகளை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் ஒரே வரியில் சரிசெய்துவிடலாம்.)

பின்சேர்க்கை: முதலில் இந்தப் பதிவில், கொம்பு வைத்த எழுத்தை அடுத்து வெறும் ள வந்தால் மொத்தமாக 'ௌ' ஆக்கிவிடலாம் என்று எழுதியிருந்தேன். நாடக வசனங்களை மாற்றிக்கொண்டிருந்த வாசகர் ஒருவர் கருத்தில் வந்து, தன் 'மெளகா' 'மௌகா' ஆகிவிட்டது என்றார். பேச்சு வழக்கில் மெளகா, வெளக்கு, வெளயாட்டு எல்லாம் வரும்தானே! ஆகவே கட்டுரை என்றால் மொத்தமாக மாற்றுங்கள். கதை, நாடகம், நேர்காணல் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: 'ஸ்ரீ' பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆம், அதிலும் இரண்டு வடிவம் உண்டு. தொடக்கத்தில் ஸ-வை வைத்து எழுதினோம். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற தனி எழுத்து சேர்ந்த பிறகு, முறையான வடிவம் அதை வைத்துதான். ஆனால் பெரும்பாலான விசைப்பலகைகளும் மக்களும் பழையபடி ஸ-வையே தட்டுகிறார்கள். தேடுபவர் எதைத் தட்டுவாரோ அதையே வையுங்கள் என்பது என் கட்சி. கோப்பு முழுக்க ஒன்றாக இருந்தால் போதும்.

படி 5: பக்கமாக்குங்கள்

இதற்கு ஃப்ரேம்வொர்க் (ஆயத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். நாலு கட்டுரை போட ரியாக்ட் நிறுவச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளடக்கத்துக்கு வெறும் எச்டிஎம்எல் கோப்பு, கூடவே தோற்றத்துக்குச் சின்னதாக ஒரு சிஎஸ்எஸ்.

தலைப்பகுதியில் முதல் வரியாக மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற குறிப்பை (எழுத்துகளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வது) வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது தரம். மேலே நீளமாக எதையாவது அடைத்துவிட்டுக் கீழே தள்ளினால் உலாவி ஊகிக்க ஆரம்பிக்கும். அப்புறம், எச்டிஎம்எல் டேகில் லேங் என்ற பண்புக்குத் தமிழின் இரண்டெழுத்துக் குறியீட்டை (டி, ஏ) கொடுங்கள். ஆயத்த வார்ப்புருக்களில் அங்கே ஆங்கிலக் குறியீடு இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. திரைபடிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் பார்க்கும். பக்கத்தின் மொழியை அறிவிப்பது அணுகல்தன்மை விதிகளில் மிக அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வருகிறது.

எழுத்துரு தனியாக ஏற்ற வேண்டுமா? இன்றைய ஆண்ட்ராய்டு போனிலும் விண்டோஸிலும் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. அதையே பயன்படுத்த விட்டுவிடுவதே நல்லது. அழகு வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர். ஆனால் சிஎஸ்எஸ்-இல் ஃபான்ட்-டிஸ்ப்ளேக்கு ஸ்வாப் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு இறங்கத் தாமதமானால் சில நொடிகளுக்கு, மன்னவனூரில் பஸ்ஸுக்கு நிற்பவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரி உயரம் 1.6-க்குக் குறையாமல் வையுங்கள். தமிழில் மேலே கொக்கியும் கீழே காலும் இடிக்கும். இரு பக்கமும் சமன் செய்யும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரை குறுகல், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

கட்டுரையைப் படமாக எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட்டு. பத்தாயிரம் குறிகள் கொண்ட கட்டுரை வெறும் 30 கிலோபைட்டுக்குள் முடிகிறது, சர்வர் சுருக்கி அனுப்பினால் இன்னும் குறைவு. படத்தில் தேடவும் முடியாது, பெரிதாக்கினால் கலங்கும். படம் தேவைப்படும் இடத்தில் படம் போடுங்கள், ஆல்ட் வரியோடு (படத்தைச் சொல்லால் விவரிக்கும் வரி). மடலில் சூரியக் கரும்புள்ளியின் கையால் வரைந்த படம் ஒன்று இருந்தது. அதற்கு 'படம் 3' என்று எழுதாமல், 'கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் காட்டும் அம்புக்குறிகள்' என்று எழுதினேன். எவர்ஷெட் கண்டது அதைத்தான்.

பழைய செய்தியில் 'அடுத்த வாரம்', 'இந்த ஆண்டு' என்று இருந்தால் மூலத்தைத் திருத்தாதீர்கள். மேலே வெளியான தேதியை டைம் டேகில் போடுங்கள். '1882-க்குப் பிறகு முதல் முறையாக, சில நாட்களில் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது' என்று படிப்பவர், 2012-இலும் ஒன்று நடந்து முடிந்துவிட்டதையும், இனி 2117-இல்தான் என்பதையும் அறியாமல் சூரியக் கண்ணாடி வாங்கிவிடக் கூடாது.

படி 6: சோதியுங்கள்

இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் சரிபார்ப்பானில் ஒட்டிப் பாருங்கள். சிவப்பில் வருவதைச் சரிசெய்யுங்கள். எச்சரிக்கைகளில் பாதியை விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் எம்டிஎன் என்ற இணைய நிரலாக்க விளக்கத் தளத்தைப் பாருங்கள். 2014-இல் எச்டிஎம்எல்5 வந்ததோடு தரம் நின்றுவிடவில்லை; டபிள்யூ3சி-யோடு செய்த 2019 ஒப்பந்தத்துக்குப் பிறகு, உலாவி நிறுவனங்களின் குழுவான வாட்டபிள்யூஜி பராமரிக்கும் ஆவணம்தான் நடப்புத் தரம். பழைய பயிற்சிப் புத்தகங்களில் இருக்கும் ஃபான்ட், சென்டர் டேகுகளை மறந்துவிடுங்கள்.

ஆனால் எந்தச் சரிபார்ப்பானும் 'சூாியன்' தவறு என்று சொல்லாது. அதற்குப் போனில் பக்கத்தைத் திறந்து, 'பக்கத்தில் தேடு' போய், நீங்களே உங்கள் விசைப்பலகையில் சூரியன், வெள்ளி, ஒளி, பௌர்ணமி என்று தட்டிப் பாருங்கள். கட்டுரையிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். தவறான எழுத்து தவறான எழுத்தையே கண்டுபிடித்துத் தரும். நாலும் கிடைத்தால் அடுத்த மடலுக்குப் போகலாம்.