மனச்சோர்வில் இருக்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கு: பத்து நிமிட நடையில் தொடங்கும் முறை

மனச்சோர்வு பிடித்த பிள்ளையிடம் "எழும்பி ஓடு, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிப் பலனில்லை. எழும்ப முடியாமல் கிடப்பதுதானே நோய். மனம் வரட்டும், பிறகு நடக்கலாம் என்று இருந்தால் மனம் வராது. உடம்பு முதலில் அசைய வேண்டும், மனம் மெல்லப் பின்னால் வரும். ஆகவே மறுக்க முடியாத அளவுக்குச் சின்னதாகத் தொடங்குங்கள்.

முதல் வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம். அவ்வளவுதான். பலருக்கு விடியற்காலை மிகக் கனமான நேரம், அதனால் பின்னேரம் ஐந்தேகாலைத் தெரிவு செய்யுங்கள். வெயில் தணிந்திருக்கும், இருட்ட முதல் விடுதிக்குத் திரும்பிவிடலாம். லெக்சர் உள்ள நாளில் அறைக்குப் போகாமல் நேரே நடக்கத் தொடங்குங்கள், புத்தகப்பை முதுகில் இருந்தாலும் பரவாயில்லை. கட்டிலில் ஒருமுறை சாய்ந்தால் அன்றைய நடை போனதுதான். லெக்சர் இல்லாத நாளுக்கு, முதல் நாள் இரவே சப்பாத்தைக் கட்டிலடியில், காலை இறக்கினால் படுகிற இடத்தில், காலுறையை உள்ளே செருகி வையுங்கள். அன்று சப்பாத்தைப் போட்டு வாசல் வரை போனாலே அதைக் கணக்கில் எழுதலாம்.

வேகம்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி எட்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, நாட்களையும் மெல்ல ஐந்தாக்கினால், ஐந்தாவது வாரம் நாளுக்கு 30 நிமிடம் வரும். வாரத்துக்கு 150. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு அது.

கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையில் பிரதான வீதியோரம் வேண்டாம், வளாகத்துக்குள்ளேயே சுற்றுங்கள். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை என்றால் காய்ந்த மணலில் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்து இறுகிய ஓரமே நல்லது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் புறப்பட முன்னரே தண்ணீர் குடியுங்கள். மாரி மழையில் அறையே போதும்: கதிரையில் இருந்து எழும்புவது பத்துத் தடவை, சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்துத் தடவை, அரை நிமிட ஓய்வு. இப்படி ஆறு சுற்று.

பிழை நடப்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. உற்சாகத்தில் மூன்று கிலோமீற்றர் ஓடி, மறுநாள் கால் வலியோடு படுத்து, "என்னால் இதுவும் ஏலாது" என்று முடிவெடுப்பார்கள். இன்னொன்று, இரண்டு நாள் விட்டதும் முழுவதையும் விடுவது. விட்ட நாளை ஈடுகட்ட வேண்டாம், அடுத்த நாள் பத்து நிமிடம் நடந்தால் போதும். பரீட்சை வாரத்திலும் பாதியாகக் குறையுங்கள், பூச்சியமாக்காதீர்கள். நடக்க முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கொப்பியில் குறியுங்கள். சோர்ந்த மனம் நல்ல நாட்களை மறந்துவிடும், கொப்பி மறக்காது.

பலன் தெரிய வாரங்கள் எடுக்கும். அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், 16 வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் மருந்து எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தேறினார்கள். ஆனால் அவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள். தொடக்கத்தில் மருந்தே வேகமாக வேலை செய்தது. எனவே நடக்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் வியர்த்துத் தண்ணீர் குறைய விடக்கூடாது, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நடையை நம்பியிருக்க வேண்டாம். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், இலங்கையின் மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள், அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

அறைத் தோழர்களுக்கு ஒரு சொல். "நடக்கப் போவமா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். "மச்சான், அஞ்சேகாலுக்குக் கேற்றடியில நிக்கிறன், வா" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போய் நில்லுங்கள். வந்தவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் பேசாமலே பக்கத்தில் நடந்து திரும்புங்கள்.