பிணத்தைப் பாதையில் ஏற்றுவது எப்படி: சிரிப்போடு ஒரு கொலைக்கதை எழுத

கொலைக்கதையில் சிரிப்பு வரவேண்டுமென்றால் முதலில் பகிடியை மறந்துவிட்டுக் கொலையை ஒழுங்காகக் கட்டுங்கள். யார், எதற்கு, எப்படி என்ற மூன்றும் பிசகில்லாமல் நின்றால்தான் அதைச் சுற்றி மனிதர் படும் பாடு சிரிப்பாகும். கொலைகாரன் பிடிபட்டுவிடுவானோ என்று வாசகர் அவனுக்காகப் பதறவேண்டும், பதறியதற்காகக் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். இந்த வகைக் கதையின் ருசியே அதுதான்.

மட்டக்களப்பில் வைத்து எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது காரணத்தில். மாமனாரைக் கொன்று வீட்டை எடுக்கும் மருமகன் என்பது வேறு ஊர்க் கதை. இங்கே வீடு சீதனமாகப் பெண்ணின் பெயருக்குப் போய்விடும். மருமகன் ஏற்கெனவே அங்கேதான் சாப்பிடுகிறான். கொன்றால் மிஞ்சுவது செத்தவீட்டுச் செலவு. அதனால் வயற்காணி, வாய்க்கால் தண்ணீர், கோயில் வண்ணக்கர் (கோயிலை நிர்வகிப்பவர்) பதவி என்று தேடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியோடு போய்விட்டதாக ஒரு குடும்பமே 40 வருடம் சொல்லிவந்த காணி உறுதி, ஒருநாள் பெட்டகத்துக்கு அடியிலிருந்து எடுபட்டால் போதும்.

3000 சொல் கதைக்கு முதல் 300 சொல்லுக்குள் பிணம் விழட்டும். பேசுகிற ஆட்கள் ஐந்து பேர் காணும். கொலைகாரனுக்கு மூன்று பொய். ஒவ்வொன்றும் முந்திய பொய்யைக் காப்பாற்றச் சொன்னதாக இருக்கவேண்டும்.

இனி ஒரு காட்சி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொலை, பிணம் கிழக்கே எழுவான்கரைக்கு வரவேண்டும். மண்முனையில் 2014 இல் பாலம் வந்துவிட்டது. அதில் ஏற்றினால் லேண்ட் மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) போன கையோடு கதையும் போய்விடும். மண்டூர்–குறுமண்வெளிப் பாதையில் ஏற்றுங்கள். (பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை. வெளியூர் வாசகருக்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.) பாதை மெதுவாகத்தான் போகும், நடுவாவியில் இறங்கி ஓடவும் முடியாது. நெல் மூடைக்கும் ஆளுக்கும் பாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிழவி வந்து அந்த மூடையில் குந்துகிறாள்.

“நெல்லு காயல்ல போல. கட்டியாக் கிடக்கு.”

“ஓம் பெத்தா, வெயில் காணாது.”

“மறுகா ஏன் ஏத்தின?”

இதோடு விட்டுவிடுங்கள். சாக்கு அவிழ்வது, கை வெளியே தெரிவது எல்லாம் வேண்டாம்; அவிழ்ந்தால் அது பேய்ப்படம். ஆனால் அந்தக் “கட்டி” கணக்கோடு இருக்கவேண்டும். செத்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தாடையில் தொடங்கும் விறைப்பு, பன்னிரண்டு மணித்தியாலமளவில் உடல் முழுக்கப் பிடிக்கும். ஒன்றரை நாளில் தளரத் தொடங்கும். நம் வெயிலில் எல்லாமே இன்னும் வேகம். மூன்றாம் நாள் என்று எழுதினால் மணத்துக்குக் கிழவி பக்கத்திலேயே வரமாட்டாள்.

சொல்லும் குரல் திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை மாதிரி வறண்டு கிடக்கட்டும். உரையாடல் மட்டும் ஊர்ப்பேச்சு. தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்த பழக்கத்தில் “ஏட்டு” வந்து நிற்பார், கவனம். இங்கே பொலிஸ் பொறுப்பதிகாரி, கிராம சேவகர், சட்ட வைத்திய அதிகாரி.

ஒன்றைத் தொடவேண்டாம். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து இராணுவத்தால் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் இன்னும் வரவில்லை. ஆள் காணாமல் போவதைப் பகிடியாக்கினால் இங்கே எவரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பு வேண்டுமானால் அது தேடி அலைகிறவர் மேல் விழக்கூடாது; அவரிடம் நாலாம் முறையும் அதே படிவத்தைக் கேட்கும் கந்தோர் மேல் விழட்டும்.

முடிவில் துப்பறிகிறவர் எழுந்து விளக்கம் சொன்னால் அதுவரை சேர்த்த சிரிப்பெல்லாம் வடிந்துவிடும். கிழவியையே திரும்பக் கூப்பிடுங்கள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் பந்தியில், கொலைகாரன் சோற்று வாளியோடு வரும்போது, அவள் இலையிலிருந்து தலை நிமிராமல் கேட்கட்டும்:

“அந்த நெல்ல மறுகா காயப் போட்டியா மனே?”