குதிரைப் படத்தில் முதலில் குதிரைக்காரனைத் தேடுங்கள்

காட்பாடியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறேன். இங்கிலாந்துப் பண்ணை மாளிகைகளின் குதிரைச் சவாரிப் படங்களைக் காட்டினால், எல்லார் கண்ணும் சேணத்தில் உட்கார்ந்திருக்கும் துரை மேல்தான் போகும். போகத்தானே செய்யும், காசு கொடுத்து வரையச் சொன்னவரே அவர். அதனால் கட்டைவிரலால் துரையை மறைத்துவிட்டு, தரையில் நிற்கிறவர்களைப் பாருங்கள்.

கடிவாளம் யார் கையில்? குதிரைப் படங்களுக்குப் பேர்போன ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1800-ல் வரைந்த ஹேம்பிள்டோனியன் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். 1799-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பந்தயத்தில் சாட்டையடி பட்டு, முழு மூச்சைக் கொடுத்து ஓடி ஜெயித்த குதிரை அது. பந்தயத்தில் பணம் பார்த்த முதலாளி படத்திலேயே இல்லை. கடிவாளத்தைப் பயிற்சியாளர் பிடித்திருக்கிறார். குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடும் பையன் ஒரு கையைக் குதிரையின் முதுகில் போட்டபடி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறான். அந்தப் பார்வையில் பணிவு கொஞ்சமும் இல்லை. அதில் சற்று நேரம் நில்லுங்கள். இந்தப் படத்துக்கான கூலிக்கு ஸ்டப்ஸ் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது என்பது தனிக்கதை.

அடுத்து, யார் நிமிர்ந்திருக்கிறார், யார் குனிந்திருக்கிறார் என்று பாருங்கள். ஸ்டப்ஸே 1785-ல் வரைந்த கோதுமை அறுவடைப் படத்தில் கங்காணி குதிரைமேல், அறுக்கிறவர்கள் தரையில். ஆனால் அவர்கள் உடுப்பைப் பாருங்கள், அறுப்பு நாளில் அவ்வளவு சுத்தமாக எவன் இருப்பான்? நம்ம பக்கம் நெல் அறுத்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நிலக்காரருக்குப் பிடித்த மாதிரி ஓவியரே வியர்வையைத் துடைத்துவிட்டார். குதிரை லத்தியும் அப்படித்தான், இந்த மாதிரிப் படங்களில் கண்ணில் படாது.

படத்தில் ஓடும் குதிரை நான்கு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறந்தால், அது மரபாக வந்த கற்பனை. 1878-ல் மைபிரிட்ஜ் என்ற போட்டோக்காரர் ஓடும் குதிரையை எடுத்த போட்டோக்களில், கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போதுதான் குதிரை தரையை விட்டு எழும்புகிறது.

பழகிப் பார்க்க லண்டன் போக வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. நோட்டும் பென்சிலும் எடுத்துப் போய், குதிரையின் காலடியில் இருக்கும் ஆட்களை மட்டும் வரையுங்கள். மேலே இருக்கிற வீரனுக்கு, நடை சாத்துவதற்குள் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.