தாடியை வீட்டிலேயே திருத்துவது எப்படி? (கழுத்தில் நான் கோட்டை விட்ட கதையோடு)

சென்னையில் எங்கள் அலுவலகத்தில் மழித்த முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் மூன்று மாதம் வளர்த்த தாடியோடு ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனேன். "பழநிக்கு வேண்டுதலாப்பா?" என்றார் அப்பத்தா. தைப்பூசத்துக்கு நடந்தே பழநி போகிற வீட்டில் தாடிக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்! சரி, கொஞ்சம் ஒழுங்கு பண்ணுவோம் என்று டிரிம்மரை எடுத்தேன்.

குளித்த ஈரத்தோடு வெட்டாதீர்கள். ஈர முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலேறிவிடும். 12 மி.மீ. சீப்பை மாட்டித் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொரு அளவாக இறங்குங்கள். அவசரப்பட்டு ஒட்ட வெட்டினால் திரும்ப வளர்வது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான். கன்னத்தில் தனித்து நிற்கும் முடியை மட்டும் எடுங்கள். உதட்டில் விழும் மீசையைச் சின்னக் கத்தரியால் நறுக்குங்கள்.

அப்புறம் கழுத்து. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று வளவில், அதாவது வீட்டு நடுவே வானம் திறந்த முற்றத்தில், கண்ணாடியை வைத்து உட்கார்ந்தேன். அங்கே வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும். தாடைக்குக் கீழே நிழல் விழும். அந்த நிழலின் விளிம்பைத் தாடியின் எல்லை என்று நினைத்து, தாடை எலும்பு வரை வழித்துவிட்டேன். வாயை மூடினால் இரட்டைத் தாடை! கல்யாண ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

நீங்கள் திண்ணைப் பக்கம் வந்து, வெளிச்சம் முகத்துக்கு நேரே விழுமாறு உட்காருங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம், நேராக வைத்திருங்கள். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் வைத்து, அந்த இடத்தில் கண் மையால் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு காதுகளின் பின்புறத்துக்கும் வளைவாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுங்கள். சந்தேகம் வந்தால் இன்னும் கீழே நிறுத்துங்கள், நாளைக்கும் வெட்டலாம்.

பத்துத் தலை மாட்டும் கிட் எல்லாம் வீண். மி.மீ. அளவு போட்ட ஒரு டிரிம்மர், ஒரு மரச்சீப்பு, செக்கு தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. தரையில் பழைய பேப்பர் விரியுங்கள். எங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைக்குள் முடி கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அப்பத்தா காலில் ஒட்டும்போதுதான் தெரியும்.

பின்சேர்க்கை: கழுத்தில் கொப்புளம் வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ரேசரை முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்து ஒட்ட வழித்தால் சுருள் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளரும்.

இன்னொன்று, தாடி கம்பி மாதிரி நிற்கிறது என்ற புகார். எனக்கும் சென்னையின் உப்புப் போர் தண்ணீரில் அப்படித்தான். ஊரில், காரைக்குடிச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீரில் அதே ஷாம்பு நுரைத்துக் கொட்டுகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.